ஐந்தாம் எதிரி தலைமறைவு

இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 141-இன்படி சட்டவிரோதக் கூட்டம் என்பது ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நபர்கள் கூடுவது. நான்கு பேர் கூடி எந்த அக்கிரமம் செய்தாலும் அதற்கு வேறு பிரிவு தேட வேண்டும். நாங்கள் நான்கு பேர். எழுப்பிய சத்தம் நாற்பது பேருடையது என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் சட்டம் சத்தத்தை எண்ணச் சொல்லவில்லை, தலைகளைத்தான் எண்ணச் சொல்கிறது.

நாங்கள் வாசித்தது குவார்ட்டெட். இரண்டு வயலின், அதைவிடக் கொஞ்சம் பெரிய வயோலா ஒன்று, முழங்கால்களுக்கு நடுவே ஊன்றி வாசிக்கிற செல்லோ ஒன்று, ஆக நான்கு வாத்தியங்களுக்கு எழுதப்படும் மேற்கத்திய இசை. எங்களுக்குக் கிடைத்த ஐந்து குவார்ட்டெட்டுகளையும் எழுதியவர் ஓர் ஆங்கிலேயர். இந்த நூற்றாண்டுக்காரர்தான். அவருடைய நாட்டிலேயே அவரை யாரும் சீந்தவில்லை. ஒரு பக்கம்கூட அச்சாகாமல் செத்துப்போனார். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் இசையை வாரந்தோறும் வாசித்தவர்கள் உலகத்திலேயே தர்மபுரியில்தான் இருந்தார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. வேறு யாரிடமும் தாள் இல்லை, அவ்வளவுதான்.

தாள் எங்களிடம் வந்ததற்குக் காரணம் அவருடைய அக்கா. எங்கள் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் டாக்டராக இருந்தவர். தம்பியின் இசையைக் காதால் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அதற்கு நான்கு பேர் தேவைப்பட்டார்கள். இருந்தவர்களில் நான்கு பேரைப் பிடித்துத் தயார் செய்தார். முதல் வயலின் ஒரு கணக்கு வாத்தியார். இரண்டாம் வயலின் நான், அப்போது தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தர். வயோலா, அரசு மருத்துவமனையின் கம்பவுண்டர். செல்லோ, என் அக்காவின் கணவர். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் மானாவாரிக் காட்டில் நிலக்கடலையும் கேழ்வரகும் போடுகிறவர்.

என் மாமாவை டாக்டர் தேர்ந்தெடுத்தது கைகளைப் பார்த்து. ஒருநாள் காளை முட்டிக் குடல் சரிந்த ஆளை மாமா தோளில் போட்டுத் தூக்கி வந்தார். தையல் முடியும்வரை அந்த ஆள் கத்திய கத்தலில் ஜன்னல் அதிர்ந்தது. ஆனால் ஓர் அங்குலம்கூட அசையவில்லை. மாமா அப்படிப் பிடித்திருந்தார். டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை வா" என்றார்.

மாமாவுக்கு இசைக்குறிப்பு வாசிக்க வரவில்லை. டாக்டர் இரண்டு ஆண்டுகள் முயன்று கைவிட்டார். காதால் ஒருமுறை கேட்டால் மாமாவுக்குப் போதும், மறக்காது. ஆனால் டாக்டருக்கு ஒரு விதி இருந்தது. வாசிக்கிறவர் எல்லோருக்கும் முன்னால் தாள் இருக்க வேண்டும், உரிய இடத்தில் பக்கத்தைப் புரட்ட வேண்டும். விதிக்குக் கட்டுப்பட்டு மாமா பக்கம் புரட்டக் கற்றுக்கொண்டார். எந்த இடத்தில் புரட்ட வேண்டும் என்பதையும் காதால்தான் கற்றார். டாக்டர் ஓய்வு பெற்று ஊர் போன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பார்க்கிறவர்களுக்கு எங்களில் ஒழுங்காகப் படித்து வாசிக்கிறவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றும்.

ஞாயிறுதோறும் மாதா கோயில் பூசை முடிந்து செல்லோவைக் கோணியில் சுற்றி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு தர்மபுரிக்கு வருவார். கண்டக்டர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

"என்னங்க இது, பொணமா?"

"பொணம்னா இந்நேரம் சீட்டு கேட்டிருக்குமே. இது கம்முனு நிக்கிது பாரு."

ஐந்தாவது குவார்ட்டெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதியவர் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். குண்டு விழுந்த தெருக்களில் துண்டுகளைப் பொறுக்கி வண்டியில் போடுவது அவர் வேலை. அந்த இசை தொடங்குவதில்லை, மோதுகிறது. நான்கு வில்லும் ஒரே நேரத்தில் நரம்பின் மேல் இறங்கும், மாட்டைக் கட்டிப்போட்டு நான்கு பேர் நாலா பக்கமிருந்தும் அடிப்பதுபோல. கொஞ்சம் நிற்கும். மாடு எழுந்துவிட்டதோ என்று நினைப்பதற்குள் மறுபடி இறங்கும். வாசித்து முடித்தால் கணக்கு வாத்தியாரின் தாடை நடுங்கும். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் போய் உருண்ட லாரிகளிலிருந்து வாரம் தவறாமல் உடல்களை வாங்கி வைக்கும் கம்பவுண்டர் ஒருநாள் வில்லைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இந்த ஆளு ஆம்புலன்ஸ் ஓட்டுனது நெசந்தாங்க. தூக்கறப்ப எலும்பு பேசற சத்தத்தைக்கூட எழுதி வெச்சிருக்காரு."

இப்படி இருக்கும்போது இங்கிலாந்திலிருந்து டாக்டரின் கடிதம் வந்தது. அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய ஊரில் நான்கு இளைஞர்கள் ஐந்தாவது குவார்ட்டெட்டை வாசிக்க முன்வந்திருக்கிறார்கள். முழுப்பிரதி கப்பலில் வந்த பெட்டியோடு நனைந்து கூழாகிவிட்டது. உலகத்தில் மிச்சம் இருப்பது உங்களிடம் உள்ள நான்கு தனிப் பிரதிகள்தான். ஆளுக்கு ஒன்று. நான் இருக்கும்போதே அனுப்பி வையுங்கள். அவ்வளவுதான் கடிதம்.

மற்ற மூவரும் மறுநாளே பார்சல் கட்டச் சொன்னார்கள். நான்தான் தடுத்தேன். அரசு ஊழியன் வெளிநாட்டவரோடு தொடர்பு வைத்து ஆவணம் அனுப்புவதென்றால் முன் அனுமதி பெறுவது நல்லது என்றேன்.

"போஸ்ட் ஆபீஸ்ல பார்சல் போடறதுக்கு எதுக்கு சார் பர்மிசன்?" என்றார் கம்பவுண்டர்.

"நாளைக்கு யாராவது கேட்டா?"

"இதுவரைக்கும் எவன் கேட்டான்?"

மாமா சிரித்தார். "எங்க மாப்ள மூக்கு சிந்தறதுனாலும் மூணு நகல் எழுதிட்டுத்தான் சிந்துவாரு. வுடுங்க, எழுதட்டும்."

எழுதினேன். மூன்று நகல், உரிய வழியாக. என் பணிக்காலத்தில் நான் எழுதிய விண்ணப்பங்களிலேயே குறை சொல்ல முடியாத விண்ணப்பம் அது. ஒவ்வொரு ஞாயிறும் இன்ன தெருவில், இன்ன கதவு எண்ணுள்ள வீட்டில், பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை நாங்கள் நால்வரும் கூடி, அயல்நாட்டவர் ஒருவர் கையால் எழுதிய தாள்களை வைத்துப் பயிற்சி செய்கிறோம் என்பதையும், அத்தாள்களை இப்போது அயல்நாட்டுக்கு அனுப்ப வேண்டியுள்ளது என்பதையும் ஐயத்துக்கு இடமின்றி எழுதியிருந்தேன். வேறு யாரும் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

அந்த ஆண்டுகளில் எங்கள் மாவட்டம் எப்படி இருந்தது என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். தீவிரவாதிகளைத் தேடுகிறோம் என்று ஊர் ஊராக வேன் வரும். விசாரணைக்குக் கூட்டிப்போன பையன் நடந்து திரும்பினால் வீட்டில் கோழி அறுப்பார்கள். என் விண்ணப்பம் மேலே போயிற்று. மேலே இருந்தவர் அதைப் படித்துவிட்டு, விசாரித்து அறிக்கை தரும்படி பக்கவாட்டில் காவல்துறைக்குத் தள்ளினார். நடைமுறைப்படி அதுவும் சரிதான்.

அவர்கள் வந்தது ஒரு ஞாயிறு மூன்று மணிக்கு, கணக்கு வாத்தியாரின் வீட்டுக்கு. ஐந்தாவது குவார்ட்டெட்டின் இரண்டாம் பாகத்தில் இருந்தோம். கதவு திறந்துதான் இருந்தது. இருந்தும் உதைத்தார்கள். முதலில் அடி வாங்கியது செல்லோ. கோணியையும், செல்லோவைத் தரையில் ஊன்ற அடியில் நீட்டியிருந்த ஆணியையும் பார்த்து அது என்னவோ என்று பயந்த ஒரு காவலர் அதன் வயிற்றில் பூட்ஸ் காலை விட்டார். மரம் பிளந்து கால் உள்ளே மாட்டிக்கொண்டது. காலை இழுக்க இழுக்க நரம்புகள் ஒவ்வொன்றாக அறுந்தன. மாமா, "இருங்க இருங்க, கால வெட்டிக்காதீங்க" என்று குனிந்து உதவப் போனார். பின்கழுத்தில் லத்தி விழுந்தது.

காவல் நிலையத்தில் என்னை அடிக்கவில்லை. விண்ணப்பத்தின் நகல் என் சட்டைப்பையில் இருந்தது, அலுவலக முத்திரையோடு. அரசு ஊழியன் மேல் கைவைத்தால் துறைத் தலைவருக்கு எழுத வேண்டும், எழுத்து வேலை கூடும். பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கணக்கு வாத்தியாருக்கும் கம்பவுண்டருக்கும் நான்கு நான்கு அறை. வாத்தியாரின் கண்ணாடி எங்கோ போயிற்று. இன்ஸ்பெக்டர் செல்லோ பிரதியை விரித்து மாமாவின் முன்னால் போட்டார்.

"படி."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

"தமிழைக் கேக்கல. இதப் படி."

"இதுந்தானுங்க தெரியாது."

"ஜன்னலாண்ட கால்மணி நேரம் நின்னு பாத்துட்டுத்தான்டா உள்ள வந்தேன். சொல்லி வெச்ச மாதிரி பக்கம் புரட்டற. தெரியாமயா புரட்டின?"

"காதுல கேட்டுப் புரட்டறதுங்க."

அது உண்மை. அதைவிட நம்பமுடியாத வாக்குமூலத்தை எந்தக் காவல் நிலையத்திலும் யாரும் கொடுத்திருக்க முடியாது. மாமாவை உள் அறைக்குக் கூட்டிப்போனார்கள். இடது கையை மேசையில் வைக்கச் சொல்லும் குரல் கேட்டது.

நான் எழுந்து நின்று, விசாரணையின்போது அடிப்பதற்கு எந்தப் பிரிவும் இடம் தரவில்லை என்றேன். காயம் விளைவித்து வாக்குமூலம் வாங்குவது 330 என்றும் சொன்னேன். பிரிவு எண்ணில் எனக்குத் தவறு நேர்ந்ததில்லை. அங்கிருந்த ரைட்டர் மரியாதையான மனிதர்.

"சார் எல்லாம் தெரிஞ்சவரு. உக்காருங்க சார். டேய், சாருக்கு ஒரு டீ."

டீ வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அடி விழ ஆரம்பித்தது. சீராக விழவில்லை. இரண்டு சேர்ந்தாற்போல, அப்புறம் நீண்ட இடைவெளி, ஒரு கேள்வி, ஒன்று, உடனே மூன்று. மாமா முதலில் கத்தினார். பிறகு கத்தவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. நான் டீயைக் குடித்தேன். கிளாஸைத் திருப்பியும் கொடுத்தேன்.

ரைட்டர் முதல் தகவல் அறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் ஐந்து பேர் வேண்டும் என்ற சங்கடம் அவருக்கு வந்தது. நான் உதவவில்லை. அவரே கண்டுபிடித்தார். ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் ஒரே ஆங்கிலப் பெயர் இருந்தது.

"இது யாரு சார்?"

"இந்த இசையை எழுதினவருங்க. செத்துட்டார்."

"எப்ப?"

"இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"டெத் சர்டிபிகேட் வெச்சிருக்கீங்களா?"

இல்லை என்றேன். அவர் பேனாவை உதறிவிட்டு எழுதினார். ஐந்தாம் எதிரி, தலைமறைவு.

மறுநாள் காலை எங்களை நிலைய ஜாமீனில் விட்டார்கள். சில வாரங்களில் எங்கள் நால்வர் மீதான நடவடிக்கை கைவிடப்பட்டது. ஐந்தாம் எதிரி மீது மட்டும் வழக்கு நிலுவையில் இருந்தது. அதாவது அவர் ஒருவரே தனியாகச் சட்டவிரோதமாகக் கூடியிருந்தார், அதுவும் கல்லறையில். மற்ற மூன்று பிரதிகளும் திரும்ப வந்தன. செல்லோ பிரதி வரவில்லை. அதில் ரத்தம் பட்டிருந்தது என்று கம்பவுண்டர் சொன்னார். அதிகாரபூர்வமான காரணம் வேறு. அது ஐந்தாம் எதிரிக்கு எதிரான சான்று ஆவணம், அவர் பிடிபடும்வரை கோப்பில் இருக்க வேண்டும்.

கைப்பற்றிய பொருளைத் திரும்பக் கேட்டு, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 457-இன் கீழ் மனுப் போட்டேன். பதில் இல்லை. நினைவூட்டல் போட்டேன். மேல் அலுவலருக்குப் போட்டேன். மூன்று பிரதிகளை வைத்துக்கொண்டு டாக்டருக்கு என்ன அனுப்புவது? செல்லோ இல்லாத ஐந்தாவது குவார்ட்டெட் என்பது முதுகெலும்பு எடுத்த ஆள். நகல் எடுக்கும் இயந்திரம் சேலத்தில் இருந்தது. போக வேண்டும் போக வேண்டும் என்று நால்வரும் சொல்லிக்கொண்டிருந்தோம், போகவில்லை. எண்பது வயதுக்காரி அங்கே காத்திருக்கிறாள் என்ற நினைப்பு மட்டும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

மாமாவின் இடது கையில் மூன்று விரல்கள் உடைந்திருந்தன. மாவுக்கட்டுப் பிரித்தபோது இரண்டு மடங்கவில்லை. ஏர் பிடிக்கலாம், அதுவும் ஒருமாதிரி. நரம்பை அழுத்த முடியாது. அழுத்துவதற்கு நரம்பும் இல்லை. கையில் கட்டோடு இருந்த நாளில் நான் அடுத்த மனுவின் வாசகத்தை அவரிடம் படித்துக்காட்டிக்கொண்டிருந்தேன். அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"என்னடா எழுதியிருக்க?"

"அந்தத் தாளத் திருப்பித் தரச் சொல்லி."

"காயிதத்துக்கு மனு போடற. கைக்கு யாரு மனு போடுவா?"

"அக்கா, இதுக்குத் தனியா ஒரு நடைமுறை..."

"மொதல்ல ஒரு மனு போட்டியாமே, அவங்க வந்ததே அதப் பாத்துத்தானாமே. இந்த வூட்டுக்குள்ள இனிமே பேனாவ எடுத்தீன்னா ஒடச்சு அடுப்புல போட்ருவேன்."

மாமா, "வுடு, அவன் என்ன செய்வான், கேக்காம அவனுக்கு சோறு எறங்காது" என்றார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். பிறகு அவரே சொன்னார்: "மாப்ள, காயிதத்துல இருக்கறது எனக்குத் தெரியாது. ஆனா நான் என்ன வாசிச்சேன்னு எனக்குத் தெரியுமில்ல. நான் பாடறேன், நீ எழுதிக்க."

அவர் கேட்டதால் அக்கா பேனாவை உடைக்கவில்லை. ஞாயிறுதோறும் காலை பஸ் பிடித்துப் போவேன். மாமா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, வலது கையால் கட்டில் சட்டத்தில் தாளம் தட்டி, செல்லோ வாசித்ததை அடித்தொண்டையில் பாடுவார். கோடு போட்ட தாளில் நான் எழுதுவேன். வாரத்தில் கணக்கு வாத்தியார் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மற்ற மூன்று பிரதிகளோடு தாளத்தின் கட்டம் கட்டமாக எண்ணிச் சரிபார்ப்பார். முதல் மூன்று பாகங்களில் ஒரு கட்டம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாத்தியார் எண்ணி முடித்துத் தாளைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

கடைசிப் பாகத்தில்தான் சிக்கல் வந்தது. அதன் நடுவில் பதினோரு கட்டங்களுக்குச் செல்லோவுக்கு வேலை கிடையாது. மற்ற மூன்றும் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டு மேலே ஏறும். செல்லோக்காரர் வில்லைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு மேலாக மாமா அந்த இடத்தில் கையை முழங்காலில் வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். அன்றைக்கு அவர் சும்மா இருக்கவில்லை. கீழ் நரம்பின் சத்தத்தைத் தொண்டையிலிருந்து எடுத்து, இரண்டு சேர்ந்தாற்போல அறைந்தார். நிறுத்தினார். ஒன்று. உடனே மூன்று.

"மாமா, இங்க உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. பதினோரு கட்டம் சும்மாதான்."

"எவன் சொன்னது?"

"நாந்தான் பாத்திருக்கனே."

"அப்ப இல்ல. இப்ப இருக்குது. எழுது."

"அவரு எழுதாதத நாம எப்படிங்க..."

"அவருந்தான் வழக்குல இருக்காரே மாப்ள, அஞ்சாவது ஆளா. அவருக்கும் தெரியட்டும். எழுது."

மறுபடி முதலிலிருந்து அடித்தார். எந்தத் தாளத்திலும் அடங்கவில்லை. அந்த இடைவெளிகளை நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன், சுவருக்கு இந்தப் பக்கம், கையில் டீ கிளாஸோடு. அதனால் எழுதுவது எனக்குக் கடினமாக இல்லை. எத்தனை கட்டம் சும்மா இருக்கிறது, எங்கே விழுகிறது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பதினோரு கட்டங்கள் சரியாக நிறைந்தன. மாமாவுக்கு நெற்றி வியர்த்திருந்தது. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், உள்ளே வரவில்லை.

நகல் எடுக்கிறவன் மூலத்தில் ஒரு புள்ளியைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இருபத்தாறு வருட வேலையில் நான் பல்லாயிரம் நகல்களுக்குக் கீழே "உண்மை நகல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அத்தனையும் உண்மை நகல். அந்தச் செல்லோ பிரதியின் கடைசிப் பக்கத்திலும் "உண்மை நகல்" என்று எழுதினேன், தேதி போட்டேன், கையெழுத்துப் போட்டேன். அதைப்போல ஒரு பொய்ச் சான்று நான் கொடுத்ததில்லை. பொய் என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நான்கு பிரதிகளையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கூட வைத்த கடிதத்தில், செல்லோவின் பழைய பிரதி சேதமடைந்துவிட்டதால் புதிதாக எழுதியது என்று மட்டும் குறிப்பிட்டேன். அலுவலகத் தேவை ஒன்றுக்காக உங்கள் தம்பியின் இறப்புச் சான்றிதழ் வேண்டும், அனுப்ப இயலுமா என்றும் கேட்டிருந்தேன். பழைய பிரதியை மீட்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

மாதங்கள் போயின. கிழவி இறந்துவிட்டாள் என்று கம்பவுண்டர் முடிவு கட்டினார். தாள் கடலில் போயிற்று என்றார் வாத்தியார். மாமா, காரிமங்கலம் சந்தையில் என்னைப் பார்க்கும்போது என் முகத்தை மட்டும் ஒருமுறை பார்ப்பார்.

பதில் வந்தது. சான்றிதழ் உள்ளே இருந்தது, அரசு முத்திரையோடு, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி. கடிதம் நடுங்கிய கையெழுத்தில் நான்கு வரி. கிடைத்தது. வாசித்தார்கள், நான் போய்க் கேட்டேன். கடைசிப் பாகத்தில் அந்தப் பதினோரு கட்டங்களில் என் தம்பி எதுவும் எழுதவில்லை, அது உங்களுக்கும் தெரியும், இருந்தும் அதை எடுக்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். உங்களில் யாரை அடித்தார்கள்?

என் பெயருக்கு வந்த கடிதம்தான். மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படிக்கச் சொன்னார். படித்தேன். திரும்பப் படிக்கச் சொன்னார். அவர் கையாலேயே மடித்து, கட்டில் தலைமாட்டில் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். அதனால் கோப்பில் சேர்க்க என்னிடம் மூலமும் இல்லை, நகலும் இல்லை, உறையின் மேலிருந்த முத்திரையை மட்டும் குறித்து வைத்திருக்கிறேன்: தர்மபுரி தலைமை அஞ்சலகம், 1984 பிப்ரவரி 17, வெள்ளிக்கிழமை.